காத்திருக்கும் நாளையும் கணக்கில் எழுதுங்கள்

திட்ட மேலாண்மைப் பாடத்தைப் படிக்கப்போகும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த சாஃப்ட்வேர்க்கா கத்துக்கணும்?" என்பது. மைக்ரோசாஃப்ட் புராஜெக்டோ பிரைமவேராவோ, உட்கார்ந்து பழகினால் ஒரு பருவத்துக்குள் கைக்கு வந்துவிடும். அதைவிடப் பழக நாளெடுக்கும் திறமை ஒன்று உண்டு. எந்த வேலை எதற்காகக் காத்து நிற்கிறது, யாருடைய ஒரு கையெழுத்து வராமல் மற்ற எல்லாரும் சும்மா இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கும் திறமை. கோலாலம்பூரில் குவான்டிட்டி சர்வேயிங் (கட்டுமானப் பொருள்களின் அளவையும் செலவையும் கணக்கிடும் துறை) படித்தபோது கற்றவற்றில் இன்றும் எனக்குத் தினமும் உதவுவது இதுதான். இப்போது கட்டுமானத் துறையில் வேலை செய்கிறேன். ஆனாலும் இங்கே கட்டடங்களைவிட மாணவர் சங்க நிகழ்ச்சி ஒன்றைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். படிக்கிற பிள்ளைகளின் கையில் இருப்பது அதுதானே.

விரிவுரை கேன்ட் சார்ட்டில் தொடங்கியது. ஹென்றி கேன்ட் 1910களில் அமெரிக்காவில் பரப்பிய பட்டை வரைபடம் அது. இடப்பக்கம் வேலைகள், மேலே தேதிகள், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. பார்த்தவுடன் புரியும், யாரிடமும் காட்டலாம். ஆனால் அதன் பழைய வடிவத்தில் ஒரு பட்டைக்கும் மற்றொன்றுக்கும் என்ன உறவு என்பது தெரியாது. மூன்றாவது வேலை நான்கு நாள் தள்ளிப்போனால் ஒன்பதாவது வேலை என்னாகும் என்று அது சொல்லாது.

1950களின் பிற்பகுதியில் இதற்கு இரண்டு இடங்களில் விடை தேடினார்கள். இரசாயன ஆலைகளைக் கட்டவும் பராமரிக்கவும் டூபான்ட் நிறுவனம் ரெமிங்டன் ராண்டுடன் சேர்ந்து, ஒன்றையொன்று சார்ந்த வேலைகளின் மிக நீளமான பாதையைக் கண்டுபிடிக்கும் கிரிட்டிகல் பாத் முறையை உருவாக்கியது. அமெரிக்கக் கடற்படை தன் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958இல் பெர்ட் முறையைக் கொண்டுவந்தது. முன்னதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரேயொரு கால மதிப்பீடு. ஆலை கட்டிப் பழகியவர்களுக்கு அது தெரிந்திருந்தது. பின்னதில் யாரும் அதுவரை செய்திராத வேலைகள் நிறைய இருந்தன, அதனால் ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பீடுகள். இந்த வேறுபாட்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் வேலை ஏற்கெனவே பலமுறை நடந்ததா, முதல்முறையாக நடக்கப்போவதா என்று கேட்டுப் பார்க்க உதவும்.

எந்த வேலைக்குப் பின் எது என்று அம்புகளால் காட்டும் படம் வலைப்படம். அதை விளக்க எங்கள் விரிவுரையாளர் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை எடுத்துக்கொண்டார். அந்தக் கோபுரங்களை இரண்டு தனித்தனி ஒப்பந்தக் கூட்டுகள் கட்டின. ஒன்றுக்கு ஜப்பானின் ஹசாமா தலைமை, மற்றதில் கொரியாவின் சாம்சங். இரண்டையும் 41, 42ஆம் மாடிகளில் இணைக்கும் வான்பாலம் 1995இல் தூக்கிப் பொருத்தப்பட்டது. "ஒரு கோபுரம் சீக்கிரமாக அந்த மாடியைத் தாண்டிவிட்டால் பாலத்துக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். வகுப்பு அமைதியாக இருந்தது. ஒரு லாபமும் இல்லை. இரண்டில் எது பிந்தி வருகிறதோ அதுதான் பாலம் ஏறக்கூடிய நாள். முதல் வேலையிலிருந்து நாள்களைக் கூட்டிக்கொண்டே போகும் முன்னோக்கிக் கணக்கில் இரண்டு அம்புகள் ஓரிடத்தில் கூடும்போது பெரிய எண்ணை எடு என்று பாடநூல் சொல்வதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

இன்னொன்றையும் சொன்னார். மண்ணைத் துளைத்துச் சோதித்தபோது, கோபுரங்கள் நிற்கவேண்டிய இடத்தின் அடியில் பாறை சரிந்து செல்வது தெரியவந்தது. ஒரு பக்கம் அரித்துப்போன சுண்ணாம்புக்கல். கட்டடத்தையே ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளி அமைத்தார்கள். துளையிட்டுச் சோதிக்கும் அந்த நாள்களில் தரைக்கு மேல் ஒன்றும் எழும்பியிருக்காது. ஆனால் பின்னால் வந்த 88 மாடிகளும் அந்தச் சோதனையின் முடிவுக்காகக் காத்திருந்தவைதான்.

அந்தப் பருவத்தின் ஒப்படைப்பு, உண்மையில் நடக்கப்போகும் ஒரு வேலையை எடுத்து முழுத் திட்டம் போடுவது. எங்கள் குழு இந்திய மாணவர் சங்கத்தின் நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டது. தமிழ்ப்பள்ளி மாணவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்து ஒருநாள் அறிவியல் பயிலரங்கு நடத்துவது.

முதல் வேலை, வேலைகளைப் பகுப்பது. இங்கே எங்களுக்குக் கிடைத்த நல்ல அறிவுரை, செயலின் பெயரை எழுதாமல் கையில் கிடைக்கும் பொருளின் பெயரை எழுதுங்கள் என்பது. 'பள்ளிகளைத் தொடர்புகொள்வது' என்று எழுதினால் அது எப்போது முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 'தலைமையாசிரியர் கையொப்பமிட்ட பங்கேற்புப் படிவம்' என்று எழுதினால் முடிந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம். மேல் வரிசையில் உள்ள ஒன்றைக் கீழே பிரித்தால், கீழே உள்ளவற்றைக் கூட்டினால் மேலே உள்ளது முழுதாக வரவேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதை நூறு விழுக்காட்டு விதி என்பார்கள். இந்த விதியை வைத்துச் சரிபார்த்தபோதுதான் பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளைகளை மண்டபம் வரை அழைத்துவரும் பொறுப்பு எந்தப் பெட்டியிலும் இல்லை என்பது தெரிந்தது.

பிறகு வலைப்படம். எங்கள் கணக்கைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன், தாளில் போட்டுப் பாருங்கள். கெர்தாஸ் கெர்ஜா, அதாவது நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்கும் திட்ட அறிக்கை, எழுத 5 நாள். மாணவர் விவகாரப் பிரிவின் ஒப்புதலுக்கு 20 நாள். ஒப்புதல் வந்தபின் மண்டபம் உறுதியாக 3 நாள். பள்ளிகளுக்குக் கடிதம் அனுப்ப 2 நாள். பெற்றோர் சம்மதக் கடிதங்கள் திரும்பிவர 14 நாள். அதன் பிறகே பிள்ளைகளின் எண்ணிக்கை தெரியும், பேருந்து உறுதிசெய்ய 5 நாள். சட்டை அளவும் அப்போதுதான் தெரியும், டீ-ஷர்ட் அச்சடிக்க 10 நாள். இன்னொரு பக்கம், ஒப்புதல் கடிதத்தைக் காட்டி நன்கொடை திரட்ட 15 நாள், அந்தப் பணத்தில் சோதனைப் பொருள்கள் வாங்க 7 நாள். கெர்தாஸ் கெர்ஜா முடிந்ததுமே தொடங்கக்கூடிய ஒரே பெரிய வேலை, வழிநடத்துநர்களுக்குப் பயிற்சி, 12 நாள்.

கூட்டிப் பார்த்தால் மிக நீளமான பாதை டீ-ஷர்ட்டில் போய் முடிகிறது: 54 நாள். பேருந்துப் பாதை 49, சோதனைப் பொருள் பாதை 47. பயிற்சி 17ஆம் நாளே முடிந்துவிடும். அதற்கு 37 நாள் ஃப்ளோட், அதாவது நிகழ்ச்சி நாளைப் பாதிக்காமல் தள்ளிப்போகக்கூடிய அவகாசம். சங்கக் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது எது தெரியுமா? பயிற்சிதான். யார் எந்தச் சோதனையைச் செய்து காட்டுவது, எந்தப் பாட்டோடு தொடங்குவது என்று மணிக்கணக்கில் பேச்சு. டீ-ஷர்ட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மனத்துக்குப் பிடித்த வேலையில் கவனம் குவிவது இயல்பு. எந்த வேலை நிகழ்ச்சி நாளைத் தள்ளிவைக்கும் என்பதை எண்கள் மட்டுமே காட்டின.

அந்த 54 நாளை இன்னொரு முறை பாருங்கள். நம் கைகள் உண்மையில் வேலை செய்வது எழுத 5, மண்டபத்துக்கு 3, கடிதத்துக்கு 2, மொத்தம் 10 நாள். மீதி 44 நாளும் ஒப்புதலுக்கும் பெற்றோருக்கும் அச்சகத்துக்கும் காத்திருப்பது. நான் சொல்லவந்த விஷயமே இதுதான். மாணவர்கள் போடும் அட்டவணைகளில் இந்த 44 நாள் இருக்காது. நாம் செய்யும் வேலையை மட்டுமே வேலை என்று நினைக்கிறோம். காத்திருப்புக்கு ஆள் தேவையில்லை, காசு தேவையில்லை, ஆனால் நாள் தேவை. அதற்கும் ஒரு பெட்டி வரைந்து, பெயர் எழுதி, கால அளவு போட்டு, யாரிடம் விசாரிக்கவேண்டும் என்றும் குறித்துவிட்டால் பாதித் திட்டம் முடிந்த மாதிரி.

நாளைக் குறைக்க வழி தேடினோம். பிள்ளைகளின் சட்டை அளவுக்காகக் காத்திருக்காமல், நான்காம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பொதுவாக எந்த அளவு பொருந்தும் என்று ஓர் ஆசிரியையிடம் கேட்டு, சில உபரிகளோடு முன்னதாகவே அச்சுக்குக் கொடுக்கலாம் என்று முடிவானது. மண்டபம் உறுதியானதும் கொடுத்தால் டீ-ஷர்ட் பாதை 38 நாளாகிவிடுகிறது. 16 நாள் மிச்சம் என்று நண்பர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் மொத்தக் காலம் 5 நாள்தான் குறைந்தது. அடுத்த நீளமான பாதையாகப் பேருந்து 49 நாளோடு நிற்கிறது. சோதனைப் பொருள்களுக்கு இப்போது 2 நாள்தான் ஃப்ளோட். ஒரு பாதையைச் சுருக்கியவுடன் மற்றொரு பாதை தலையெடுக்கும். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முழுக் கணக்கையும் மறுபடி போடவேண்டும். பணம் செலவழித்து வேகப்படுத்தும் இடங்களில் இந்தப் பழக்கம் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டைக் காப்பாற்றும்.

ஒப்புதலுக்கு 20 நாள் என்று எப்படி எழுதினோம்? அங்கேதான் பெர்ட் உதவியது. நல்லபடியாக நடந்தால் 10 நாள், வழக்கமாக 18, மோசமானால் 40. நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 20க்குச் சற்று மேல். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து ஆறால் வகுத்தால் 5. முன்னே பின்னே ஆகக்கூடிய அளவு அது. சூத்திரம் எளிது. அதில் போடும் மூன்று எண்களை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்களுக்கு அவற்றைச் சொன்னவர் அலுவலக முகப்பில் இருந்த மலாய்க்கார அக்கா. ஆலோசகரின் கையொப்பம் இல்லாத தாள் திரும்பி வரும், வரவுசெலவுப் பக்கம் அவர்கள் கேட்கும் வடிவத்தில் இருந்தால் விரைவில் நகரும், பருவத் தொடக்கத்தில் எல்லாச் சங்கங்களும் ஒரே நேரத்தில் அனுப்பும் என்று பொறுமையாக விளக்கினார். ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரும் அப்படித்தான். "சம்மதக் கடிதத்தை வெள்ளிக்கிழமை குடுங்கம்மா. சனி, ஞாயிறு அப்பா அம்மா வீட்ல இருப்பாங்க, திங்கள் பாதி வந்துரும்" என்றார். எந்தப் பாடநூலிலும் இது இராது. வேலையைத் தினமும் செய்பவரிடம் மரியாதையோடு போய்க் கேளுங்கள், சொல்வார்கள்.

காலத்தை மதிப்பிடும்போது எல்லாரும் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். கொடுக்கப்பட்ட நேரம் முழுவதையும் வேலை விரிந்து நிரப்பிக்கொள்ளும் என்று 1955இல் எழுதிய பார்க்கின்சன், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். உலகமே மேற்கோள் காட்டும் அந்த விதியை எழுதியவர் நம் மண்ணில் பாடம் நடத்திய காலத்தில் எழுதினார் என்று வகுப்பில் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. தீர்வு, ஒவ்வொரு வேலையிலும் ஒளித்துவைக்கும் கூடுதல் நாள்களை எடுத்துப் பாதையின் கடைசியில் ஒன்றாக வைப்பது. யார் தாமதமானாலும் அந்தப் பொதுக் கையிருப்பிலிருந்து எடுக்கவேண்டும், எடுப்பது எல்லாருக்கும் தெரியவேண்டும்.

இனி மனிதர்கள். யார் செய்வது, யார் பதில் சொல்வது, யாரைக் கலந்து பேசுவது, யாருக்குத் தெரிவிப்பது என்று நான்கு பத்திகளில் ஒரு பொறுப்பு அட்டவணை சொல்லித்தருவார்கள். ஒரு வேலைக்குச் செய்பவர்கள் பலர் இருக்கலாம், பதில் சொல்பவர் ஒருவர்தான் என்பது அதன் உயிர். நம் சங்கங்களில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. மூத்தவர்களை அண்ணன் அக்கா என்று அழைத்துப் பழகிய இடத்தில், தாமதத்தைச் சுட்டிக்காட்ட இளையவர்கள் தயங்குவார்கள். முதலாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "'அண்ணே, பஸ்காரங்ககிட்ட பேசிட்டீங்களா'ன்னு நான் எப்படிக்கா அவர்கிட்ட கேட்கிறது? கோவிச்சுக்குவாரு" என்றாள். அவளுடைய தயக்கம் நியாயமானது. அதனால் வாரம் ஒருமுறை, மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) தே தாரிக் எனும் நுரை பொங்கும் பால்தேநீரோடு உட்காரும்போது, அட்டவணையை நடுவில் வைத்து மேலிருந்து கீழாக எல்லாரும் தத்தம் வரியைப் படிப்பது என்று ஆக்கினோம். கேள்வி கேட்பது தாள், ஆள் இல்லை. அந்த அண்ணனும் தன் வரி வரும்போது தானே சொல்லிவிடுவார். யார் மனமும் நோகவில்லை. மரியாதையையும் காலக்கெடுவையும் ஒன்றாகக் காப்பாற்ற முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடைசி நேரத்தில் ஆள் சேர்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.பி.எம்.மில் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், பிந்திப்போன வேலையில் ஆள் கூட்டினால் அது இன்னும் பிந்தும் என்று 1975இல் எழுதினார். ஆறு பேர் இருந்தால், இருவர் இருவராகப் பேசவேண்டிய இணைகள் 15. பன்னிரண்டு பேரானால் 66. புதிதாக வருபவருக்கு விளக்கவேண்டியவர், ஏற்கெனவே வேலை நெருக்கத்தில் இருப்பவர். தொண்டர்களை முன்கூட்டியே எடுங்கள். கடைசி வாரத்தில் வருபவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத வேலை கொடுங்கள்.

இடர்ப் பட்டியலில் கோலாலம்பூருக்கே உரியவை சில உண்டு. பிற்பகல் இடிமழை, அதனால் வெளி நடவடிக்கைகளைக் காலையிலேயே முடியுங்கள். நோன்பு மாதத்தில் அலுவலக நேரம் மாறும், அந்த மாதம் ஆண்டுதோறும் 11 நாள்போல முன்னே நகர்வதால் சென்ற ஆண்டின் அட்டவணையை அப்படியே எடுக்க முடியாது. தைப்பூச வாரத்தில் பத்துமலைப் பக்கப் பள்ளிகளிலிருந்து பேருந்து வருவது சிரமம்.

செலவைக் கண்காணிக்கும் ஈட்டிய மதிப்பு முறையை மாணவர்கள் பயத்தோடு பார்க்கிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு போதும். மொத்தம் 12,000 ரிங்கிட். இன்றைக்குள் 6,000 ரிங்கிட் மதிப்புள்ள வேலை முடிந்திருக்கவேண்டும். செலவானது 5,000. பொருளாளர் ஆயிரம் மிச்சம் என்பார். ஆனால் முடிந்த வேலையின் மதிப்பு 4,000தான். 4,000ஐ 5,000ஆல் வகுத்தால் 0.8, போட்ட ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் 80 சென் வேலைதான் நடந்திருக்கிறது. இப்படியே போனால் முடியும்போது 12,000ஐ 0.8ஆல் வகுத்து வரும் 15,000 ஆகும். வேலை எவ்வளவு முடிந்தது என்ற மூன்றாவது எண் இல்லாமல், செலவுக் கணக்கு மட்டும் எதையும் சொல்லாது.

வேலைக்கு வந்தபின் இவையெல்லாம் பெரிய அளவில் எதிரே வந்தன. கான்கிரீட் கனசதுரத்தின் வலிமைச் சோதனைக்கு 28 நாள். கட்டடம் எழும்பி, வண்ணம் பூசி, எல்லாம் தயாராக நின்றாலும் சி.சி.சி. எனும் கட்டட நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் குடியேற முடியாது. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், தீயணைப்பு, மின்தூக்கி என ஒவ்வொரு துறையின் அனுமதியும் வந்து சேர்ந்தபின்தான் அதைக் கொடுப்பார்கள். அந்த அனுமதிகளைத் திட்டத்தின் முதல் நாளிலேயே பெட்டி வரைந்து குறிக்கும் திட்ட மேலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வேலை செய்வது நிம்மதி.

படிப்பவர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். திட்ட மேலாண்மையாளர்களின் அனைத்துலக அமைப்பான பி.எம்.ஐ.யின் வழிகாட்டி 2017 பதிப்பில் 49 செயல்முறைகளைப் பட்டியலிட்டது. 2021 பதிப்பில் 12 கொள்கைகளை முன்னால் வைத்தது. உங்கள் விரிவுரையாளர் எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறார் என்று முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள், பழைய தேர்வுத்தாள்கள் வேறு வடிவத்தில் இருக்கும். இரண்டாவது, அதே அமைப்பின் தொடக்கநிலைச் சான்றிதழான கேப்பம் (CAPM) தேர்வுக்கு 23 மணிநேரத் திட்ட மேலாண்மைக் கல்வி கேட்கிறார்கள். பல்கலைக்கழகப் பாடமே அதற்குப் போதுமானதாக இருக்கலாம். பாடத்திட்டத் தாளையும் மதிப்பெண் பட்டியலையும் பத்திரமாக வைத்திருங்கள். பட்டம் வாங்கிய பிறகு துறை அலுவலகத்தில் விண்ணப்பித்தாலும் கிடைக்கும்; ஆனால் அதற்கும் காத்திருக்கும் நாள்களைக் கணக்கில் சேர்க்கவேண்டியிருக்கும்.